பிள்ளைகளுக்கான தொலைமருத்துவம்: முதல் போடும் முன் ஒரு கணக்கு

நமது ஊர்களில் வர்த்தகர் சங்கக் கூட்டம் எங்கு நடந்தாலும் அண்மைக் காலமாக ஒரு கதை வந்து சேர்கிறது. "ஊரில் இருந்துகொண்டே கொழும்பு டொக்டரிடம் பிள்ளையைக் காட்டலாமாம். அதற்கு நாமும் ஒரு வழி செய்தால் என்ன?" என்று யாராவது ஒருவர் தொடங்குவார். ஒரு சாரார் இதை ஊருக்குச் செய்யும் உதவியாகப் பார்க்கிறார்கள. இன்னொரு சாரார், பார்மசியின் ஒரு மூலையில் கணினியும் கெமராவும் வைத்தால் புதிய வருமானம் வருமென்று பார்க்கிறார்கள். உதவியும் நல்லதுதான், வருமானமும் நல்லதுதான். ஆனால் எந்தத் தொழிலாக இருந்தாலும் முதல் போடும் முன்னர் கணக்குப் பார்ப்பது வர்த்தகனின் வழக்கம். பிள்ளைகளின் உடல்நலம் சம்பந்தப்பட்ட இந்த விடயத்தில் அந்தக் கணக்கை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

எனது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைமருத்துவம் நமது பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக அமையும். ஆனால் அந்த உதவி கணினியிலோ கையடக்கத் தொலைபேசியிலோ இல்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கின்ற, பயிற்சி பெற்ற ஒரு தாதியிடம்தான் இருக்கிறது. அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க ஆயத்தமில்லாதவர்கள் இதில் கைவைக்காமல் இருப்பது நல்லது. ஆயத்தமாக இருப்பவர்கள் அந்த அறையைத் தங்கள் கடைக்குள் அல்ல, ஊர் ஆஸ்பத்திரிக்குள் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

பயணத்தின் விலை

நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். அதைப் பற்றி நாம் பெருமைப்படலாம். ஆனால் வைத்தியரிடம் போய்ச் சேருவது இலவசமல்ல. பிள்ளைகளுக்கான விசேட வைத்தியம் பெரும்பாலும் கொழும்பு பொரளையிலுள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும், பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையிலும் தங்கியிருக்கிறது. பொத்துவிலில் இருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். அக்கரைப்பற்று, கல்முனையிலிருந்து வருகிறவர்களுக்கு அதைவிடவும் தூரம். மன்னார், முசலிப் பக்கத்துத் தாய்மாருக்கும் இதே கதைதான்.

என் கடையில் வேலை செய்யும் ஒருவரின் மகனுக்கு ஏழு வயது. வலிப்பு நோய்க்கு மருந்து எடுக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பில் கிளினிக். "பஸ்ஸில ஒரு ராவு, வாங்கில ஒரு பகல், டொக்டருக்கிட்ட அஞ்சு நிமிஷம், திரும்ப பஸ்ஸில ஒரு ராவு. அவ்வளவுதான் காக்கா" என்று ஒருநாள் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தில் டொக்டர் பிள்ளையின் நிறையைப் பார்க்கிறார், எத்தனை தடவை வலிப்பு வந்தது என்று கேட்கிறார், மருந்தின் அளவைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார். அவர் கடமையைச் சரியாகத்தான் செய்கிறார். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காகத் தகப்பனுக்கு இரண்டு நாள் வேலை போகிறது. தாய்க்கு இரண்டு நாள் வீட்டுவேலை போகிறது. மகனுக்கு இரண்டு நாள் பாடசாலை போகிறது. வருடத்துக்கு நான்கு தடவை என்றால் ஆளுக்கு எட்டு நாள். இதற்கு மேல் பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, வீட்டில் விட்டு வந்த சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

நாட்சம்பளக்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடுமையானது. அவர்கள் இரண்டு கிளினிக் போவார்கள், மூன்றாவதை விட்டுவிடுவார்கள். மருந்து நின்றுபோகும். பிள்ளைக்கு மீண்டும் வலிப்பு வரும். அதன் பிறகு அவசரமாக வான் பிடித்து ஓடும் செலவு நான்கு கிளினிக் செலவை விழுங்கிவிடும்.

2020 ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் கிளினிக் நோயாளர்களின் மருந்துகளைத் தபால் திணைக்களம் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நினைவிருக்கும். எல்லா மருந்துக்கும் எல்லா நோயாளியும் நேரில் வரத்தான் வேண்டும் என்பதில்லை என்று அப்போது நாடே கண்டுகொண்டது. 2022 இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நின்றபோது, தூரத்து வைத்தியசாலையை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதையும் கண்டுகொண்டோம்.

வெளிநாடுகளில் செய்து பார்த்தவர்கள்

இது இன்று நேற்றுத் தொடங்கிய முயற்சியல்ல. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ரொசெஸ்டர் நகரில் 2001 ஆம் ஆண்டிலேயே வசதி குறைந்த பகுதிகளின் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் இதைத் தொடங்கினார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் உடனே தாயை வேலையிலிருந்து அழைப்பதுதான் அதுவரை இருந்த வழக்கம். அதற்குப் பதிலாக அந்த நிலையத்திலேயே பயிற்சி பெற்ற ஓர் உதவியாளரை வைத்தார்கள். காதுக்குள் பார்க்கும் கெமராவும், நெஞ்சுச் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பும் இலத்திரனியல் ஸ்டெதஸ்கோப்பும் அவரிடம் இருந்தன. அவர் அனுப்புவதைப் பார்த்தும் கேட்டும் வைத்தியர் முடிவு சொன்னார். சுகவீனம் காரணமாகப் பிள்ளைகள் வராமல் இருந்த நாட்கள் 63 சதவீதம் குறைந்ததாக 2005 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பிள்ளை வராத நாளில் தாயும் வேலைக்குப் போக முடியாது. ஆகவே இந்த 63 சதவீதத்தில் தாய்மாரின் சம்பளமும், அவர்களுடைய முதலாளிமாரின் வேலையும் சேர்ந்திருக்கிறது.

நமக்குக் கிட்டிய உதாரணம் பெங்களூரில் இருக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் சிலருக்குக் கண்ணின் விழித்திரையில் ஒரு கோளாறு வரும். பிறந்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தால் பார்வையைக் காப்பாற்றலாம். பிந்தினால் ஆயுள் முழுவதும் இருட்டுத்தான். இதைப் பார்க்கத் தெரிந்த கண் வைத்தியர்கள் கிராமப்புறங்களில் இல்லை. 2008 இல் நாராயண நேத்ராலயா கண் வைத்தியசாலை 'கிட்ரொப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்கள் கெமராவுடன் வாகனத்தில் கர்நாடகாவின் சிறு நகரங்களுக்குப் போனார்கள். அங்குள்ள சிசுப் பராமரிப்புப் பிரிவுகளில் குழந்தைகளின் கண்ணைப் படமெடுத்து இணையம் மூலம் அனுப்பினார்கள். பெங்களூரில் இருந்த நிபுணர்கள் அந்தப் படங்களைப் பார்த்து முடிவு சொன்னார்கள். சிகிச்சை தேவையான குழந்தை எது என்று தெரிந்த பிறகு நிபுணரின் பயணம் அந்தக் குழந்தைக்காக மட்டும் நடந்தது.

இந்திய அரசாங்கத்தின் 'இ-சஞ்ஜீவனி' சேவை 2019 நவம்பரில் சுகாதார நிலையங்களில் தொடங்கி, 2023 பெப்ரவரியில் பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. அதில் பெரும் பகுதி, நோயாளி வீட்டிலிருந்து தானாகத் தொலைபேசியில் பேசியதல்ல. கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு நோயாளி வர, அங்குள்ள சுகாதார உத்தியோகத்தர் பக்கத்தில் இருந்து வைத்தியரோடு தொடர்புபடுத்திக் கொடுத்தது.

ரொசெஸ்டர், கர்நாடகா, இ-சஞ்ஜீவனி ஆகிய மூன்றுக்கும் பொதுவானது பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற அந்த ஆள்தான். கெமராவை யாரும் வாங்கலாம். சரியான இடத்தில் பிடித்து, சரியானதைப் பார்த்து, தாயிடம் சரியான கேள்வியைக் கேட்கின்ற கைதான் கடையில் வாங்கக் கிடைக்காத பொருள்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

வயது வந்த நோயாளி தன் வருத்தத்தை வாயால் சொல்வான். ஆறு மாதக் குழந்தை சொல்லாது. அதனால்தான் சிறுவர் வைத்தியத்தில் தொலைபேசியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

நோய் இன்னதென்று ஏற்கெனவே நிச்சயமாகி, தொடர்ந்து கவனிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். வலிப்பு நோயைப் பாருங்கள். பிள்ளைக்கு வலிப்பு வரும்போது வீட்டில் எடுத்த வீடியோ, மூன்று மாதம் கழித்துத் தாய் வாயால் சொல்வதைவிட டொக்டருக்குக் கூடுதல் உதவி. ஆஸ்துமாப் பிள்ளை இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறதா என்பதை வீடியோவில் பார்த்துத் திருத்தலாம். தோல் நோய்க்கு நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் பல நேரம் போதும். பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பிரச்சினை, சத்திரசிகிச்சைக்குப் பிறகு காயத்தைப் பார்த்தல் போன்றவையும் இந்தப் பட்டியலில் வரும். பிள்ளை பிறந்ததும் தருகின்ற சுகாதார வளர்ச்சிப் பதிவேடு ஏற்கெனவே ஒவ்வொரு தாயின் கையிலும் இருக்கிறது. நிறையும் தடுப்பூசியும் அதில் பதிவாகியிருப்பதால் தூரத்து டொக்டருக்கு அதுவே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

காய்ச்சலுக்கு இந்த வழி பொருந்தாது. 2017 ஆம் ஆண்டில் மட்டும் நமது நாட்டில் 186,000 க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகின்ற நேரம்தான் ஆபத்தான நேரம். "காய்ச்சல் விட்டுட்டு, சுகமாயிட்டு" என்று தாய் திரையில் சிரிக்கும்போதே உள்ளே பிள்ளையின் நிலை மோசமாகிக் கொண்டிருக்கலாம். இரத்தப் பரிசோதனையும் நேரடிக் கவனிப்பும் இல்லாமல் அதைப் பிடிக்க முடியாது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணினிக்கு முன்னால் போகக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பால் குடிக்க மறுக்கும் குழந்தை, குடித்ததெல்லாம் வாந்தியெடுக்கும் பிள்ளை, வலிப்பு வந்துகொண்டிருக்கும் பிள்ளை, எழுப்பினாலும் எழும்பாத பிள்ளை ஆகியோருக்கும் அப்படியே. மூச்சையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையான குழந்தை நிமிடத்துக்கு 50 தடவைக்குக் குறையாமலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளை 40 தடவைக்குக் குறையாமலும் மூச்சு வாங்கினால் அதை வேகமான மூச்சாக உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி கொள்கிறது. இந்த அறிகுறிகளைக் கொட்டை எழுத்தில் எழுதி அறையின் வாசலில் ஒட்டி, அதன் கீழே 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தையும் எழுத வேண்டும்.

மொழிப் பிரச்சினை

வெளிநாட்டு ஆய்வுகளில் அதிகம் பேசப்படாத, ஆனால் நமக்கு மிக முக்கியமான இன்னொன்று இருக்கிறது. கிழக்கிலிருந்தோ மன்னாரிலிருந்தோ கொழும்புக்குப் போகும் தாய்க்குச் சிங்களம் போதாது. டொக்டருக்குத் தமிழ் போதாது. பிள்ளைக்கு வலிப்பு எப்படி வந்தது, எந்தப் பக்கம் இழுத்தது, முழித்த பிறகு என்ன செய்தான் என்பதையெல்லாம் தாய் தன் சொந்த மொழியில்தான் சொல்ல முடியும். பக்கத்து வாங்கில் இருக்கும் யாரோ ஒருவர் மொழிபெயர்க்க, பாதிதான் போய்ச் சேருகிறது. ஊர் அறையில் இரண்டு மொழியும் தெரிந்த தாதி ஒருவர் இருந்தால் இந்தக் குறை தீரும். தமிழ் பேசும் நிபுணர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்தால் அவரோடும் தொடர்பு ஏற்படுத்தலாம். பஸ் கொழும்புக்கு மட்டும்தான் போகும். இணையம் எங்கும் போகும்.

அந்தத் தாதி பெண்ணாக இருந்தால் தாய்மார் கூச்சமின்றிப் பேசுவார்கள் என்பதை நமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பார்மசிக்குள் ஏன் வேண்டாம்?

இனிச் சொல்லப்போவது சில வர்த்தக நண்பர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பார்மசிக்குள் கணினியை வைத்து, டொக்டருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கும், எழுதிய மருந்தின் விற்பனையில் ஒரு பங்கும் கொடுக்கும் யோசனையை இரண்டு மூன்று இடங்களில் கேள்விப்பட்டேன். வியாபாரக் கண்ணால் பார்த்தால் கச்சிதமான ஏற்பாடு. ஆனால் மருந்து அதிகம் எழுதினால் எல்லோருக்கும் இலாபம், குறைவாக எழுதினால் எல்லோருக்கும் நட்டம் என்ற தராசில் ஒரு பிள்ளையை வைக்கலாமா?

அமெரிக்காவில் 2019 இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். தடிமன், இருமல் போன்ற சுவாசத் தொற்றுகளுக்காக வீட்டிலிருந்தே தனியார் தொலைமருத்துவ நிறுவனங்களைத் தொடர்புகொண்ட பிள்ளைகளில் 52 சதவீதத்தினருக்கு அன்டிபயோட்டிக் எழுதப்பட்டது. தங்கள் வழக்கமான வைத்தியரிடம் நேரில் போன பிள்ளைகளில் அது 31 சதவீதம். காதையும் தொண்டையையும் பார்க்க முடியாத டொக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று மருந்தை எழுதிவிடுகிறார். அங்கே விற்பனையில் பங்கு இல்லாமலே இந்த நிலை. பங்கும் சேர்ந்தால் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். தேவையில்லாமல் கொடுத்த அன்டிபயோட்டிக், உண்மையாகத் தேவைப்படும் நாளில் வேலை செய்யாது. அந்த நாளில் ஆஸ்பத்திரியில் கிடப்பது வாடிக்கையாளரின் பிள்ளையாகவும் இருக்கலாம், கடைக்காரரின் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. மருந்து விற்பனை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் வருகிறது. தனியார் மருத்துவ நிலையங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவல்களையும் பிள்ளைகளின் தகவல்களையும் விசேட வகையாகக் கொள்கிறது. பிள்ளையின் படத்தைக் கடைப் பையனின் தொலைபேசியிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்புவது இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்பே நமது மானத்துக்கு ஒத்துவராத காரியம். இந்தியா 2020 மார்ச் மாதம் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டியில், பிள்ளைக்கான ஆலோசனையின்போது அடையாளம் உறுதிசெய்யப்பட்ட ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நமது அறையிலும் அந்த ஒழுங்கு இருக்கட்டும்.

சங்கங்கள் என்ன செய்யலாம்?

ஊர் ஆஸ்பத்திரிகளில் அபிவிருத்திக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் வர்த்தகர்களும் இருக்கிறார்கள். கட்டில், விசிறி, குடிநீர்த் தாங்கி என்று இதுவரை எவ்வளவோ கொடுத்திருக்கிறோம். அதே குழுவின் ஊடாக, ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே ஓர் அறையைக் கேட்டு வாங்குவோம். கதவு பூட்டக்கூடிய, சத்தம் வராத, வெளிச்சம் உள்ள அறை. வெவ்வேறு கம்பனிகளின் இரண்டு இணைய இணைப்புகள். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதை மறக்காமல் ஒரு பற்றரி ஏற்பாடு. பிள்ளைகளுக்கான தராசு, உடல் வெப்பமானி, சிறு பிள்ளைகளின் விரலுக்கும் பாதத்துக்கும் பொருந்தும் ஒக்சிசன் அளக்கும் கருவி, காது பார்க்கும் கெமரா, இலத்திரனியல் ஸ்டெதஸ்கோப், ஒரு பிரின்டர். பெரியவர்களின் விரலில் மாட்டும் ஒக்சிசன் கருவியைக் குழந்தைக்கு மாட்டினால் பிழையான கணக்குக் காட்டும் என்பதால் மலிவு பார்த்து அதை வாங்க வேண்டாம்.

இவையெல்லாம் ஒருமுறைச் செலவு. பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் கிடைப்பதால் இதற்குப் பணம் சேர்ந்துவிடும். சேர்வதற்குக் கஷ்டமானது மாதச் செலவு. தாதியின் சம்பளம், இணையக் கட்டணம், கருவி பழுதானால் திருத்தும் செலவு ஆகிய மூன்றும் ஒவ்வொரு மாதமும் வரும். நமது ஊர்களில் திறந்து வைத்துப் பூட்டிப்போன கணினி நிலையங்களை எண்ணிப் பாருங்கள். பூட்டுப் போட்டது கணினி பழுதானதால் அல்ல, சம்பளம் நின்றதால். ஆகவே மூன்று வருடத்துக்கான மாதச் செலவு கையில் சேர்ந்த பிறகுதான் முதல் கருவியை வாங்க வேண்டும். இருபது கடைகள் சேர்ந்து பொறுப்பெடுத்தால் ஒரு கடைக்கு விழுவது தாங்கக்கூடிய தொகைதான்.

ஆஸ்பத்திரிக்குள் இருந்தால் ஏழை, பணக்காரன் என்ற பேதமின்றி எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாகக் கிடைக்கும். பக்கத்திலேயே சிறுவர் வாட்டும் இரத்தப் பரிசோதனைக் கூடமும் இருக்கும். திரையில் பார்த்த டொக்டர் "உடனே நிற்பாட்டிப் பாருங்கள்" என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தூரம் ஐம்பது அடிதான். மருந்துத் துண்டை எந்தப் பார்மசியில் கொடுப்பது என்பதைத் தாய் தீர்மானிப்பாள். பார்மசிக்காரருக்கு இதில் நட்டமில்லை. கொழும்பில் வாங்கும் மருந்தை இனி ஊரில் வாங்குவார்கள். கமிஷன் இல்லாமலே அவருக்கு வியாபாரம் வரும்.

கொழும்பு நிபுணர்களுக்கு இருக்கும் வேலைப்பளுவில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் அழைக்கும் ஏற்பாடு சரிவராது. வாரத்தில் ஒருநாள், குறித்த இரண்டு மணித்தியாலம், ஊர்ச் சிறுவர் வைத்தியர் முன்கூட்டியே தெரிந்தெடுத்த பிள்ளைகள், முன்கூட்டியே அனுப்பப்பட்ட நிறையும் பரிசோதனை அறிக்கையும் என்று ஒழுங்கு செய்தால் நிபுணருக்கும் வேலை இலேசாகும். நான்கு கிளினிக்கில் மூன்று ஊரில், ஒன்று மட்டும் நேரில் என்று அவரே சொல்லும் நிலை வரலாம். அப்படி வந்தால் மேலே சொன்ன எட்டு நாள் இரண்டு நாளாகச் சுருங்கும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எவ்வளவு பணம் சேர்க்கலாம் என்று தொடங்க வேண்டாம். அதற்கு முன் இரண்டு பேரை ஊர் ஆஸ்பத்திரிச் சிறுவர் வைத்தியரிடம் அனுப்புங்கள். மாதத்துக்கு எத்தனை பிள்ளைகளைக் கொழும்புக்கும் பேராதனைக்கும் அனுப்புகிறீர்கள், அவர்களில் எத்தனை பேரைத் திரையில் பார்த்தாலே போதும் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அந்தத் துண்டில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்த பிறகு அறை வேண்டுமா, எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கலாம்.